மாதம் 12,000 ரூபாய் ‘டிரெய்னி’ வேலையா, நெய்வேலியில் அப்ரண்டீஸ் பயிற்சியா?

பண்ருட்டி அருகே ஒரு கிராமத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை செய்யும் தாயார் ஒருவர் எழுதிய கடிதத்துக்கான பதில் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

அவருடைய கணவர் உயிருடன் இல்லை. மூத்த மகளுக்கு வயது 20. பாலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளமோவை இந்த ஆண்டு முடித்திருக்கிறார். கல்லூரியில் நடந்த வேலைவாய்ப்பு முகாமில், புதுச்சேரியின் தொழிற்பேட்டை ஒன்றில் இயங்கும் தொழிற்சாலை அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. பதவியின் பெயர் ‘டிரெய்னி’. மாதம் 12,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்குள் விலகினால் ஒரு லட்சம் ரூபாய் தருவதாக முத்திரைத்தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் தாயாரும் ஜாமீன்தாரராகக் கையெழுத்திட வேண்டும். தொகை எழுதாத, கையெழுத்து மட்டும் இட்ட காசோலைகள் இரண்டைத் தர வேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையும் மாற்றுச் சான்றிதழையும் முகாம் நடந்த அன்றே அசலாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். டிப்ளமோ சான்றிதழைச் சேரும் நாளில் கேட்கிறார்கள். இதற்கிடையில், நெய்வேலியில் உள்ள பொதுத்துறை நிறுவனத்தில் ஓராண்டு அப்ரண்டீஸ் பயிற்சிக்கான பட்டியலிலும் மகளின் பெயர் வந்திருக்கிறது. அங்கே சேர்ந்தால் ஓராண்டில் நிரந்தரம் ஆகிவிடும் என்கிறார் கொழுந்தனார். தொகை குறைவு, அதனால் பயனில்லை என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். “கல்லூரியே கூட்டி வந்த கம்பெனி ஏமாற்றுமா? பத்திரத்தை மீறினால் போலீஸ் வருமா? எதில் சேர்ப்பது?” என்று தாயார் கேட்கிறார்.

அம்மா, சேரும் தேதிக்கு முன்பே பத்திரத்தின் நகலோடு எழுதியிருக்கிறீர்கள். கடலூர், புதுச்சேரி தொழிலாளர் வழக்குகளில் என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் கையெழுத்திட்டு ஓராண்டு கழித்துத்தான் வருகிறார்கள். உங்கள் கையெழுத்து இன்னும் உங்களிடமே இருப்பதால், உங்களுக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

முதலில் கல்லூரியைப் பற்றி. இளைஞர்களையும் நிறுவனங்களையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவருவது மிக நல்ல காரியம். பண்ருட்டியில் இருக்கும் ஒரு பெண் புதுச்சேரித் தொழிற்சாலையின் வாசலைத் தானாகத் தட்டிவிட முடியாது. முகாம்தான் அதைச் சாத்தியமாக்குகிறது. ஆனால் கல்லூரியின் பொறுப்பு அறிமுகத்தோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கல்லூரி படித்துப் பார்த்திருக்கும் என்று நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆகவே ‘ஏமாற்றுமா’ என்ற கேள்வியைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த நிறுவனம் எழுத்தில் எதை ஒப்புக்கொள்கிறது, எதை ஒப்புக்கொள்ளவில்லை என்று பார்ப்போம்.

பத்திரத்தில் இருப்பதும் இல்லாததும்

நீங்கள் அனுப்பிய நகலை இருமுறை படித்தேன். மூன்று பக்கங்களில் உங்கள் மகள் செய்ய வேண்டியவை வரிவரியாக இருக்கின்றன. பயிற்சியைப் பற்றி இருப்பது ஒரே ஒரு வரி: “நிறுவனம் அவ்வப்போது ஒதுக்கும் பணிகளில் பயிற்சி அளிக்கப்படும்.” யார் கற்றுத் தருவார், எந்த இயந்திரத்தில், எத்தனை மாதம், முடிவில் என்ன சான்று என்பது எதுவும் இல்லை. மின்னியல் படித்த பெண்ணை மின் பராமரிப்புப் பிரிவில் வைப்பார்களா, பொருள்களை அட்டைப்பெட்டியில் அடுக்கும் வரிசையில் நிறுத்துவார்களா என்பதுகூட இந்த வரியிலிருந்து தெரியவில்லை. இரண்டுமே உழைப்புதான், இரண்டுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் இரண்டாவதைச் செய்யவைத்துவிட்டு அதற்குப் பயிற்சிச் செலவு என்று ஒரு லட்சம் கேட்பது நியாயம் இல்லை.

சட்டம் அப்ரண்டீஸ் என்று ஏற்றுக்கொள்வது 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி ஒப்பந்தம் போட்டு, அதை அரசின் இணையதளத்தில் பதிவு செய்து எடுக்கப்படுபவரைத்தான். அவர் தொழிலாளர் அல்ல, பயிற்சி பெறுபவர் என்று அந்தச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு சொல்கிறது. அதனால்தான் அவருக்குச் சம்பளத்துக்குப் பதில் உதவித்தொகை தரப்படுகிறது. அப்படிப் பதிவு செய்யாமல் ஒருவரை ‘டிரெய்னி’ என்று அழைத்து, மற்றத் தொழிலாளர்கள் செய்யும் வேலையையே எட்டு மணி நேரமும் செய்யவைத்தால், சட்டத்தின் பார்வையில் அவர் பெரும்பாலும் தொழிலாளியே. குறைந்தபட்சக் கூலி, இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான மருத்துவ, விபத்துக் காப்பீடு), மிகைநேர ஊதியம் ஆகியவற்றை அவர் கேட்கலாம். இ.எஸ்.ஐ.யில் விலக்கு அளிக்கப்படுவது பதிவு பெற்ற அப்ரண்டீஸ்களுக்குத்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில், மாதம் 21,000 ரூபாய்க்கு உட்பட்ட சம்பளம் வாங்கும் உங்கள் மகளுக்கு இ.எஸ்.ஐ. எண் கிடைத்தாக வேண்டும். இயந்திரங்களுக்கிடையே வேலை செய்யப் போகும் பெண்ணுக்கு இது சிறிய விஷயம் அல்ல. உங்கள் நகலில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஒரு லட்சமும் வெற்றுக் காசோலையும்

பத்திரத்தை மீறினால் போலீஸ் வருமா என்று கேட்டீர்கள். வராது. ஒப்பந்தத்தை மீறுவது உரிமையியல் விவகாரம். நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போய்ப் பணம் கேட்கலாம், அவ்வளவுதான்.

அதே சமயம், ‘இந்த மாதிரிப் பத்திரமெல்லாம் கோர்ட்டில் நிற்காது’ என்று யாராவது தைரியம் சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். மூன்று ஆண்டுகளுக்கு முன் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் என்று ஒரு பொதுத்துறை வங்கி விதித்த நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று ஏற்றிருக்கிறது. ஆனால் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, பத்திரத்தில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதைத்தான் நீதிமன்றம் தரச் சொல்லும். உருப்படியான பயிற்சி எதையும் தராத நிறுவனம் ஒரு லட்சத்தை முழுதாக வாங்குவது எளிதல்ல. ஆனாலும் வழக்கு என்று வந்துவிட்டால், புதுச்சேரி நீதிமன்றத்துக்கு வாய்தாவுக்கு வாய்தா அலைய வேண்டியவர் உங்கள் மகள். ஜாமீன்தாரராகக் கையெழுத்திட்டால் நீங்களும்தான். மகளிடம் கேட்கக்கூடிய முழுத் தொகையையும் நேரடியாக உங்களிடமே கேட்கச் சட்டம் இடம் தருகிறது. மகளுக்கு 18 வயது கடந்துவிட்டது. அவருடைய ஒப்பந்தத்துக்கு உங்கள் கையெழுத்து சட்டப்படி தேவையே இல்லை. போடாதீர்கள்.

எனக்கு மிகுந்த கவலை தருவது காசோலைதான். தொகை எழுதாமல் கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலையில் பிறகு தொகையை நிரப்பி, வங்கியில் போட்டு, பணம் இல்லை என்று திரும்பினால், அது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின் கீழ் குற்ற வழக்காகிவிடும். அதற்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறை அல்லது காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம் அல்லது இரண்டையும் விதிக்கலாம். காசோலை எதற்காகத் தரப்பட்டது என்று எதிர்வாதம் செய்ய வழி உண்டு. ஆனால் அதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் வந்து விழும். பத்திரத்தால் வராத குற்ற வழக்கு காசோலையால் வரும். எந்த வேலைக்காகவும், எவ்வளவு நல்ல நிறுவனத்துக்காகவும் அதைத் தர வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

கொழுந்தனார் சொன்னது

அப்ரண்டீஸ் பயிற்சி முடித்தால் நிரந்தரம் என்று நம்பும் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். நெய்வேலியில் பயிற்சி முடித்துவிட்டு, வேலை கேட்டுப் பல ஆண்டுகளாகக் காத்திருப்பவர்களையும் நாம் பார்க்கிறோம். பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுப்பது பற்றி நிறுவனம் தன் சொந்தக் கொள்கையை வகுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் தொழிற்பழகுநர் சட்டத்தின் 22-ஆம் பிரிவு சொல்கிறது. வேலை தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு: மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால், பயிற்சி பெற்றவருக்கு நேரடியாக வருபவரைவிட முன்னுரிமை தர வேண்டும் என்றது. அது முன்னுரிமை மட்டுமே, வேலைக்கான உத்தரவாதம் அல்ல. ‘பயிற்சி முடிந்ததும் நிரந்தரம் வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது பணம் கேட்டு வந்தால், அவருக்கு வீட்டு வாசலோடு விடை கொடுத்துவிடுங்கள்.

அப்படியானால் அந்த ஓராண்டில் என்ன கிடைக்கும்? டிப்ளமோ முடித்தவருக்குத் தர வேண்டிய உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2019-இல் திருத்திய விதிகள் சொல்கின்றன. இத்தொகை காலத்துக்கேற்ப உயர்த்தப்படக்கூடியது என்பதால், ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும் தொகையை மகள் பார்த்துக்கொள்ள வேண்டும். குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. அந்தப் பங்கு பயிற்சி பெறுபவரின் வங்கிக் கணக்குக்கே வரும், ஆகவே கணக்கில் ஆதாரை இணைத்து வைக்க வேண்டும். பயிற்சியில் விபத்து நேர்ந்தால் இழப்பீடு தரும் பொறுப்பு நிறுவனத்துடையது. அனுமதி இல்லாமல் மிகைநேரம் வேலை வாங்கக் கூடாது. முடிவில் மத்திய அரசின் பயிற்சி வாரியம் தரும் சான்றிதழ் கிடைக்கும். ஓராண்டு அனுபவம் என்று அதை எங்கும் காட்டலாம். இவற்றில் ஒன்றுகூட அந்தப் புதுச்சேரிப் பத்திரத்தில் இல்லை.

தொகையையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். புதுச்சேரியில் தங்கும் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 4,500 ரூபாய் ஆகும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 12,000-இல் அது போனால் மிச்சம் 7,500. நெய்வேலிக்கு உங்கள் மகள் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம். 8,000 என்றே வைத்துக்கொண்டாலும், பஸ் செலவு போக இரண்டுக்கும் இடையே இருக்கும் வித்தியாசம் அக்கம்பக்கத்தார் சொல்லும் அளவுக்கு இல்லை.

இன்னொன்றை உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். டிப்ளமோ முடித்தபின் ஓராண்டோ அதற்கு மேலோ வேலை அனுபவம் பெற்றுவிட்டவர், இந்த அப்ரண்டீஸ் திட்டத்தில் சேரத் தகுதி இழந்துவிடுகிறார். அதாவது, முதலில் புதுச்சேரிக்குப் போய்ப் பார்ப்போம், சரிப்படாவிட்டால் அடுத்த ஆண்டு நெய்வேலிக்கு எழுதிப்போடலாம் என்று நினைத்தால், அந்த வழி அடைபட்டுவிடும். முதலில் நெய்வேலியில் முடித்துவிட்டுப் பிறகு புதுச்சேரியிலோ கடலூர் சிப்காட்டிலோ வேலை தேடுவதற்குத் தடையே இல்லை. ஓராண்டுச் சான்றிதழ் கையில் இருக்கும் பெண்ணுக்கு 12,000-ஐவிடக் கூடுதலாகக் கேட்கவும் வாய் இருக்கும். நான் நெய்வேலிப் பக்கம் சாய்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு குறை எனக்குத் தென்பட்டது. கொழுந்தனார் என்ன சொல்கிறார், அக்கம்பக்கத்தார் என்ன சொல்கிறார்கள், நீங்கள் எதற்கு அஞ்சுகிறீர்கள் என்பதெல்லாம் இருக்கிறது. உங்கள் மகள் என்ன விரும்புகிறார் என்று ஓரிடத்திலும் இல்லை. வேலைக்குப் போகப் போவது அவர். என் பதிலை அவர் படிக்கட்டும். அதன்பின் அவருடைய எண்ணத்தைக் கேளுங்கள். வீட்டை விட்டு வெளியே தங்கிப் பழக வேண்டும், சொந்தச் சம்பளம் வாங்க வேண்டும் என்று அவர் விரும்பினால் அதுவும் நியாயமான விருப்பமே. அப்போது புதுச்சேரி நிறுவனத்திடம் நிபந்தனைகளை மாற்றிக் கேட்போம்.

புதுச்சேரியே என்று முடிவானால்

நியமனக் கடிதத்தை எழுத்தில் கேட்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி அதைத் தருவது கட்டாயம். எந்தப் பிரிவில் வேலை, யாருடைய மேற்பார்வை, இ.எஸ்.ஐ., பி.எஃப். உண்டா என்பவை அதில் இருக்க வேண்டும். காசோலையும் உங்கள் ஜாமீனும் கூடாது. பத்திரம் இல்லாமல் முடியாது என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தால், காலத்தை ஓராண்டாகக் குறைக்கவும், தொகை மாதாமாதம் குறைந்துகொண்டே வரவும் கேட்கலாம். இப்படிக் கேட்டால் வேலையே போய்விடும் என்று அஞ்சுவீர்கள். மனிதவள அதிகாரிகள் பலருடன் பேசியவன் என்ற முறையில் சொல்கிறேன், பணிவாக, எழுத்தில் கேட்கும் கேள்விக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் பதில் சொல்கின்றன. கேட்டதற்காகவே வேண்டாம் என்று சொல்லும் நிறுவனம், பின்னாளில் மகளுக்கு ஒரு சிக்கல் வரும்போது எப்படி நடந்துகொள்ளும் என்பதை இப்போதே காட்டிவிடுகிறது.

புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம் என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கே கூலிப் பிரச்சினை என்றால் கடலூர்த் தொழிலாளர் அலுவலகம் தலையிட முடியாது. புதுச்சேரி அரசின் தொழிலாளர் துறையிடம்தான் போக வேண்டும். குறைந்தபட்சக் கூலி அறிவிப்பும் வேறு.

பெண் பிள்ளையை ஷிப்ட் வேலைக்கு அனுப்புவது பற்றித் தயங்கித் தயங்கி எழுதியிருந்தீர்கள். மாலை 7 மணிக்குப் பிறகும் காலை 6 மணிக்கு முன்பும் ஒரு பெண்ணை அவருடைய சம்மதம் இல்லாமல் வேலைக்கு வரச்சொல்ல முடியாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டின் சட்டம் ‘டிரெய்னி’, அப்ரண்டீஸ் இருவரையும் பெயர் சொல்லியே சேர்த்துக்கொள்கிறது. பயிற்சியில் இருப்பவர் புகார் தர முடியாது என்று யாரும் சொல்ல இடமில்லை. சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் தர வேண்டும். நெய்வேலிக்கும் இது பொருந்தும். குழுவின் உறுப்பினர்கள் பெயர்ப் பலகை எங்கே இருக்கிறது என்று முதல் வாரத்திலேயே பார்த்து வைக்கும்படி மகளிடம் சொல்லுங்கள்.

எங்கே சேர்ந்தாலும், ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். தேதி, எந்தப் பிரிவு, எந்த மோட்டாரை அல்லது பேனலைத் திறந்து பார்த்தார், மெக்கர் (மின்காப்பைச் சோதிக்கும் கருவி) வைத்து என்ன அளந்தார், யார் சொல்லிக்கொடுத்தார் என்று ஒவ்வொரு நாளும் நான்கு வரி எழுதட்டும். அடுத்த நேர்முகத் தேர்வில் ‘என்ன தெரியும்’ என்று கேட்கும்போது அந்த நோட்டு பேசும். ஆறு மாதமாகப் பெட்டி அடுக்கியதைத் தவிர எதுவும் எழுத இல்லை என்றால், அதுவும் பிற்பாடு சான்றாகும். அப்ரண்டீஸ் பயிற்சி பிடிக்கவில்லை என்றால் சொல்லாமல் நின்றுவிடக் கூடாது. விலகுவதற்கு, தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் அரசு நியமித்திருக்கும் அதிகாரியான பயிற்சி ஆலோசகரிடம் முறைப்படி விண்ணப்பிக்க வேண்டும், தகராறு இருந்தாலும் முதலில் அவரிடம்தான் முறையிட வேண்டும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது

கொடுத்துவிட்ட சான்றிதழ்களை உடனே திரும்பப் பெறுங்கள். நெய்வேலியில் சரிபார்ப்புக்கு அசலைக் கேட்பார்கள். அவற்றை வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமை இல்லை. கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல, அதைப் பிணையாகப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சண்டைக்குப் போக வேண்டாம். மகளின் பெயரில், மகளின் கையெழுத்தில் ஒரு கடிதம் போதும்: “இன்ன தேதியில் முகாமில் சரிபார்ப்புக்காகத் தாங்கள் பெற்ற என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றின் அசலை ஏழு நாள்களுக்குள் திருப்பித் தருமாறு வேண்டுகிறேன். தேவையானால் கையொப்பமிட்ட நகல்களைத் தருகிறேன்.” இதை நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கும், விரைவுத் தபாலிலும் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஒரு பிரதியைக் கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலரிடம் கொடுத்து, நிறுவனத்துடன் தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள். முகாம் நடத்தியவர் கேட்டால் பெரும்பாலும் அன்றே நகரும். இதற்கிடையில் மதிப்பெண் சான்றிதழை, அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் மகள் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

ஏழு நாளில் வராவிட்டால் கடலூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், அங்கே வழக்கறிஞர் இலவசம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது பத்திரத்தின் நகல், நீங்கள் அனுப்பிய கடிதத்தின் பிரதி, தபால் ரசீது, முகாம் அன்று எடுத்த புகைப்படம் அல்லது வாட்ஸ்அப் செய்தி ஏதாவது இருந்தால் அதன் அச்சுப்பிரதி ஆகியவற்றைக் கொண்டு போங்கள். மகளையும் கூட அழைத்துச் செல்லுங்கள். மனுவில் கையெழுத்திட வேண்டியவர் அவர்தான்.